ஐயாவுக்கு நான் பொறுப்பு

பிப்ரவரி 5, திங்கள்

இன்று பொன்னுரங்கம் ஐயாவுக்கு ஷூட்டிங்கில் முதல் நாள். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம், ஆறு மணிக்கே வந்துவிட்டார். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள் இப்படித்தான், அவர்களை வைத்துக்கொண்டு நாம் தாமதமாக வரவே முடியாது. நான் ஆறரைக்குப் போனபோது மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மனைவி சௌந்தரம்மா பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். "அசோசியேட் டைரக்டர் அம்மா இப்பத்தான் எந்திரிச்சு வர்றீங்களாக்கும்" என்றார். எழுபத்து மூன்று வயதில் அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த 'ஏழாம் கிடங்கு' படத்தில் துறைமுக ரவுடி மாசியாக நடித்தவர் இவர். தன்னை வளர்த்துவிட்ட தாதாவை, பெரியவர் என்றே எல்லாரும் கூப்பிடும் ஆளை, கடைசியில் கிடங்குக்குள் வைத்து மாசி குத்திக் கொல்வான். அந்தப் படத்தைத்தான் இப்போது மறுபடி எடுக்கிறோம். மாசியாக கௌஷிக் நடிக்கிறான். ஐயா இதில் பெரியவர். அன்று கொன்றவர் இன்று சாகிறார். இந்த யோசனை என்னுடையது. டைட்டிலில் வராது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தயாரிப்பாளர் மதிவாணனுக்குப் பெரியவர் வேஷத்துக்கு மும்பையிலிருந்து ஒருவரை இறக்க ஆசை. அந்த ஆள் இன்னும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். டைரக்டர் கிரிதரன் நேற்றுகூடக் கேட்டான். (பக்கத்தில் ஆள் இருந்தால் 'சார்' என்பேன், இல்லாவிட்டால் கிரி. என்னைவிட ஏழு வயது சின்னவன்.)

"அக்கா, நம்மளது லைவ் சவுண்ட். பக்கத்துல நின்னு வசனம் எடுத்துக் குடுக்க முடியாது, டப்பிங் கிடையாது. ஐயாவுக்கு ஞாபகமெல்லாம் ஓகேதானே?"

"பத்துப் பக்கம் குடுத்தாலும் ஒரு தடவ படிச்சிட்டுச் சொல்வாரு. ஐயாவுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

இந்தப் படம் முடிந்ததும் என்னை மதிவாணனிடம் கதை சொல்ல அழைத்துப் போவதாக கிரி வாக்குக் கொடுத்திருக்கிறான். பதினாறு வருஷமாக அடுத்தவர் படத்துக்கு கிளாப் அடித்து, கூட்டத்தை ஒதுக்கி, ஹீரோயினுக்குக் குடை பிடித்தாயிற்று. நாற்பத்தொரு வயது ஆகிறது. இதற்கு மேல் என்னால் முடியாது.

இன்றைய காட்சியில் ஐயாவுக்கு நான்கே வரிகள். மூன்றைச் சொன்னார். நான்காவதில் நின்று, என்னைப் பார்த்தார். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். "தூசி, தொண்டையில மாட்டிக்கிச்சு" என்றார். இரண்டாவது டேக் ஓகே. செட்டு முழுக்கச் சாக்கு மூட்டைதான், தூசி இருக்கத்தானே செய்யும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன். ஹோட்டல் இட்லி. தூசிதான், வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

பெரியவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மாசிக்கு ஒரு வேலை சொல்லி அனுப்பும் காட்சி. கிரி 'ஆக்‌ஷன்' என்றான். ஐயா மெதுவாக எழுந்து, மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, கௌஷிக் பக்கத்தில் நின்றுகொண்டார். காலி நாற்காலியைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "சொல்லுங்க பெரியவரே."

அது மாசி சொல்ல வேண்டிய வரி. அது மட்டுமில்லை, நாங்கள் எழுதியதே அல்ல, பழைய படத்து வரி.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியவில்லை, கையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனேன். "பாத்தியா கௌஷிக், ஒரிஜினல் மாசி எப்படி நிப்பார்னு ஐயா உனக்குக் காட்டுறார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கௌஷிக் ஐயாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நல்ல பிள்ளை, எதையும் நம்பிவிடுவான். ஐயாவும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு அது. நான் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் "சாப்பிட்டியாம்மா" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் இலைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

பல் வலிக்கிறது. இடது பக்கக் கடைவாய்.

பிப்ரவரி 9, வெள்ளி

சௌந்தரம்மா என்னை வேனுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஏசி ஓடியும் அவர் முகம் வேர்த்திருந்தது.

"வல்லி, உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியும். ஆடி மாசத்துலேர்ந்தே இப்படித்தான் இருக்காரு. டாக்டர் ஸ்கேனெல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. பழசெல்லாம் அப்படியே இருக்கு. புதுசா எதுவும் நிக்க மாட்டேங்குது. காலையில சாப்பிட்டது மத்தியானம் தெரியாது."

நான் ஏசியை இன்னும் கூட்டி வைத்தேன்.

"நீ வந்து கேட்டப்பவே வேண்டாம்னுதானே சொன்னாரு. நீதான் ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசின."

உண்மைதான், பேசினேன். அன்று அவர் 'முடியாதும்மா' என்றுதான் ஆரம்பித்தார். காரணம் சொல்லவில்லை. வயதானவர்கள் பிகு பண்ணுவது சகஜம் என்று நினைத்தேன். என் கதையை மதிவாணன் கேட்கப்போகிறார் என்றும், இந்தப் படம் நடந்தால்தான் அது நடக்கும் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் மனதை மாற்றுவதற்காகச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

"கிரி தம்பிகிட்ட சொல்லிடலாமா? உடம்பு சரியில்லன்னு மரியாதையா வெளிய வந்துடலாம்" என்றார் சௌந்தரம்மா.

"வேண்டாம்மா. பாதியில போனா ஆளுக்கொரு காரணம் எழுதுவாங்க. ஐயாவோட அம்பது வருஷப் பேரு என்னாகுறது? இன்னும் ஒன்பது நாள்தான் அவருக்கு வேலை. நான் பாத்துக்குறேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. நீ பொறுப்புன்னு சொல்ற" என்றார்.

சும்மா வீட்டில் உட்காரவைத்தால்தான் இந்த நோய் இன்னும் மோசமாகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். வேலை இருந்தால் மூளை சுறுசுறுப்பாக இருக்கும். நான் செய்வது அவருக்காகத்தான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சார்ட் பேப்பர் பன்னிரண்டு, பட்டை மார்க்கர் நான்கு. கடைக்காரர் "பிள்ளைக்கு ஸ்கூல் புராஜெக்டா" என்றார். ஆமாம் என்றேன்.

வழி கண்டுபிடித்துவிட்டேன். கேமராவுக்குப் பின்னால், ஐயாவின் பார்வை விழுகிற இடத்தில், வசனத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுகிறேன். பெரியவர் பேசும்போது ஆளைப் பார்க்காமல் எங்கோ பார்ப்பார் என்று கிரியிடமே சொல்லி, அதை அந்தப் பாத்திரத்தின் குணமாக்கிவிட்டேன். "சூப்பர்க்கா, திமிரா இருக்கு" என்றான். அவன் கூடாரத்துக்குள் மானிட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பான், அங்கிருந்து சார்ட் தெரியாது. கேமராமேன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். அவருக்கு நேரத்துக்கு ஷாட் முடிந்தால் போதும்.

இன்று ஐந்து ஷாட். ஐந்தும் முதல் டேக்கிலேயே ஓகே. ஐயா என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார், பரீட்சையில் பிட் அடித்துவிட்டு வந்த பையனைப் போல. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன், வலது பக்கமாகவே மென்று.

பிப்ரவரி 16, வெள்ளி

கிரிக்கு ஞானோதயம் வந்திருக்கிறது. கிடங்குக்குள் பெரியவர் சாகிற காட்சியை ஒரே ஷாட்டில் எடுக்கப்போகிறானாம். நாலரை நிமிஷம், வெட்டே கிடையாது. கேமரா இரண்டு பேரையும் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும். நாலு பக்கமும் தெரியும், மேலே கூரைகூடத் தெரியும்.

அப்படியென்றால் சார்ட் ஒட்ட ஓர் இடம்கூடக் கிடையாது.

"ஐயா பயப்படுவாரா?" என்று கேட்டான்.

"ஐயாவா?" என்று சொல்லிச் சிரித்தேன். பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வசனம் ஒன்றரைப் பக்கம். பாதியை மேஜைமேல் இருக்கும் சரக்குப் பதிவேட்டுக்குள் எழுதிவிடலாம், அதைப் பார்த்துப் பேசலாம். அதன் பிறகு அவர் எழுந்து நடக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு வரிகளை மனப்பாடம் செய்யவைத்தால் போதும். பத்து நாள் இருக்கிறது. பன்னிரண்டு வரிதானே.

பிப்ரவரி 20, செவ்வாய்

தினமும் காலை ஆறு மணிக்கு ஐயா வீட்டுக்குப் போகிறேன். முதல் வரி: "வா மாசி, கதவைச் சாத்து, காத்து வருது." அது நின்றுவிட்டது. இரண்டாவதும் வருகிறது. மூன்றாவதைச் சொல்லிக்கொடுத்தால் முதல் வரி போய்விடுகிறது.

ஆனால் நான் கௌஷிக்கின் வரியைப் படித்தால் உடனே முழுக் காட்சியும் அவருக்கு வருகிறது. பழைய படத்துக் காட்சி. எழுந்து நின்று, தோளை இறக்கி, அந்தப் புகழ்பெற்ற வரியைச் சொல்கிறார்: "ஏழு வருஷம் உன் முதுகுக்குப் பின்னாடி நடந்தேன் பெரியவரே. இன்னிக்குத்தான் உன் மூஞ்சியப் பாக்குறேன்." ஒரு எழுத்து பிசகவில்லை. சௌந்தரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

"அது மாசி சொல்றது ஐயா. நீங்க இப்ப பெரியவர்."

"பெரியவர் வேஷம் கட்றவர் வேற ஆளும்மா. ரொம்பக் கோபக்காரர். அவர் வேஷத்துல நான் கை வெக்கக் கூடாது."

அந்த நடிகர் இறந்து இருபது வருஷமாகிறது. நான் சொல்லவில்லை. "அவர் இன்னிக்கு லீவு ஐயா, நீங்கதான் செய்யணும்" என்றேன். உடனே தலையாட்டினார். இனி இப்படியே சமாளிக்கலாம் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

மூன்று வரி வருகிறது. சில சமயம் நான்கு.

இன்று ஐந்தாவது வரியைப் பதினேழாவது தடவையாகச் சொல்லச் சொன்னபோது, காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். பிறகு குனிந்து அவரே பொறுக்கி அடுக்கிக் கொடுத்தார். "யாரும்மா கீழ போட்டது?" என்று கேட்டார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வல்லி, என்னை விட்டுடேன்" என்றார்.

சோர்வில் சொல்வதுதான். மத்தியானத்துக்குள் அவருக்கே மறந்துவிடும்.

இதை எழுதிவிட்டு மேலே படித்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாமா என்று இருக்கிறது. கிழிக்கவில்லை. பல் டாக்டரைப் பார்க்க நேரமில்லை, கிராம்பு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

காலை முழுக்க கேமரா ஒத்திகை. ஐயாவுக்குப் பதிலாக வேறொருவரை நிற்கவைத்துப் பார்த்தார்கள். "ஐயாவைக் களைப்பாக்க வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். ஒத்திகையில் குட்டு வெளிப்பட்டுவிடுமே. மத்தியானம் இரண்டரைக்கு டேக். பதிவேட்டின் நடுப்பக்கத்தில் வசனம் ஒட்டியிருந்தேன். நான் ஒரு மூட்டை அடுக்குக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கௌஷிக் கதவைத் திறந்து உள்ளே வந்தான். "வா மாசி, கதவைச் சாத்து, காத்து வருது." அருமையாகச் சொன்னார். பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி அடுத்தடுத்த வரிகளையும் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். நான் என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு வரிகள்.

ஒன்றும் வரவில்லை. ஐந்து வினாடி, பத்து வினாடி. கேமரா அவரை ஒருமுறை சுற்றி வந்துவிட்டது. கௌஷிக் சமாளிப்பதற்காகத் தன் வரியை ஆரம்பித்தான். புதுப் படத்துக்காகக் கொஞ்சம் மாற்றி எழுதிய வரி. "ஏழு வருஷம் பெரியவரே..." என்றான்.

ஐயா நிமிர்ந்தார். தோள் இறங்கியது. எனக்கு என்ன நடக்கப்போகிறதென்று தெரிந்துவிட்டது. தடுக்க வழியில்லை.

"ஏழு வருஷம் உன் முதுகுக்குப் பின்னாடி நடந்தேன் பெரியவரே. இன்னிக்குத்தான் உன் மூஞ்சியப் பாக்குறேன்."

கௌஷிக்குக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவன் வசனத்தை இவர் சொல்லிவிட்டார். அவன் நிஜமாகவே பயந்து இரண்டடி பின்வாங்கினான். ஐயா அவனை நோக்கி நடந்தார், பெரியவராக இல்லை, முப்பத்தைந்து வயது மாசியாக. கௌஷிக் என்ன செய்வதென்று தெரியாமல், சொல்லிக்கொடுத்தபடி ரப்பர் கத்தியால் அவர் வயிற்றில் குத்திவிட்டான். ஐயா வயிற்றைப் பார்த்தார். எப்படி இது தன் வயிற்றில் வந்தது என்பதைப் போலப் பார்த்தார். மூட்டைமேல் சரிந்தார்.

சாகிற காட்சி எடுத்தால், நடிகர் பிணமாகக் கிடக்கும்போது எங்கள் ஆட்கள் கட் சொல்ல மாட்டார்கள். கேமரா ஓடும்போதே அந்த நடிகர் கண்ணைத் திறந்து சிரிக்க வேண்டும். சிரித்த பிறகுதான் கட். இல்லாவிட்டால் ஆகாது என்று பயம். மானேஜர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்: "ஐயா, சிரிங்க."

ஐயா கண்ணைத் திறந்தார். சிரிக்கவில்லை. தன்மேல் குனிந்து நின்ற கௌஷிக்கைப் பார்த்துக் கேட்டார்: "யாரு தம்பி நீ? அது என் இடமாச்சே. நான் ஏன் கீழ கிடக்குறேன்?"

கிடங்கே வெடித்துச் சிரித்தது. கிரி கூடாரத்திலிருந்து ஓடிவந்து அவர் காலில் விழுந்தான். "தான் அன்னிக்குச் சொன்ன அதே வார்த்தையத் தன்னைக் கொல்ல வந்தவன்கிட்டயே சொல்றாரு பாத்தீங்களா, எனக்கு இது தோணவே இல்லையே ஐயா" என்று அழுதான். லைட்டு அண்ணன்கள் விசில் அடித்தார்கள். நூறு பேர் கைதட்டினார்கள்.

சௌந்தரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

நான் சிரித்தேன். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பல்லைப் பிடுங்கிவிட்டேன். வலி போகவில்லை.

மார்ச் 11, திங்கள்

மதிவாணன் சாரே நேரில் கூப்பிட்டார். கிரி காட்டிய கிடங்குக் காட்சியை நாலு தடவை பார்த்தாராம். பிறகு என் கதையைக் கேட்டார், இரண்டேகால் மணி நேரம். போனை ஒரே ஒரு தடவைதான் எடுத்தார்.

கதை இதுதான். லாரி ஆபீசில் கணக்கு எழுதும் ஒரு பெண்ணின் புருஷன் லாரியோடு காணாமல் போகிறான். போலீஸ் தேடவில்லை. ரிட்டயர்டு டிரைவரான மாமனாரைக் கூட்டிக்கொண்டு அவளே ஊர் ஊராகத் தேடிப் போகிறாள்.

"பண்றோம்மா. நீதான் டைரக்டர்" என்றார். அடுத்து அவர் சொன்னது தூரத்தில் யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது. "அந்த மாமனார் வேஷம் பொன்னுரங்கம் ஐயா. அவர் இருந்தா இந்தப் படம் இருக்கு. இல்லன்னா பின்னாடி பாக்கலாம். நீ சொன்னா அவர் கேப்பாருல்ல?"

"கேப்பாரு சார்" என்றேன்.

மார்ச் 14, வியாழன்

யோசித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. மாமனாருக்கு நாற்பது நாள் வேலை என்றாலும் பெரும்பாலும் லாரிக்குள்தான். டாஷ்போர்டில் சார்ட் ஒட்டலாம். லைவ் சவுண்ட் வேண்டாம், டப்பிங் போதும். வசனத்தைக் குறைத்துவிடலாம். பேசாத மனுஷன் என்று ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது. டைரக்டர் நானாகவே இருப்பதால் யாருக்கும் தெரியாது.

சௌந்தரம்மாவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழம வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. சந்தோஷத்தில் அப்படித்தான் இருக்குமாம்.

மார்ச் 17, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போனேன். மல்லிகை வாங்கிக்கொண்டேன், சௌந்தரம்மாவுக்கு. ஐயாவுக்கு ஆரஞ்சு. ஸ்கிரிப்ட் பையில் இருந்தது.

ஐயா வேட்டி சட்டையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா டைரக்டர்" என்றார். சௌந்தரம்மா சொல்லி வைத்திருக்கிறார் போல. நான் தரையில் உட்கார்ந்து கதை சொன்னேன். நடிகர் நாற்காலியில், கதை சொல்பவர் எதிரே. எத்தனையோ டைரக்டர்கள் இப்படிச் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது நான் சொல்கிறேன்.

அவர் கேட்ட மாதிரி யாரும் கேட்க முடியாது. லாரி ஆபீஸ் முதலாளி அந்தப் பெண்ணை மிரட்டுகிற இடத்தில் பல்லைக் கடித்தார். தாபாவில் மாமனாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிடுகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவைச் சொன்னதும் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா. பொம்பளப் புள்ள சொன்னாத்தான் இப்படி வரும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பதினாறு வருஷம் வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

சௌந்தரம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஐயா நிதானமாக ஆற்றிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிம்மா. கதையச் சொல்லு, கேப்போம்."

நான் சௌந்தரம்மாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மல்லிகையைப் பிரித்து, காம்பு காம்பாகத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "முதல் நாள் ஷூட்டிங்குக்குக் கிளம்புற நிமிஷம் வரைக்கும்கூட, 'அந்தப் புள்ளைக்குப் படம் கிடைக்குமா சௌந்தரம்'னுதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் எனக்காகத்தான் நடிக்க வந்திருக்கிறார். நான் அவருக்காக என்று இத்தனை பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

"என்னம்மா, சொல்லு" என்றார் ஐயா.

சொன்னேன், முதலிலிருந்து. லாரி ஆபீஸ், கணக்கு எழுதும் பெண், காணாமல் போன புருஷன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவள் வெளியே வருகிற இடம் வந்தது. அங்கேதான் மாமனார் லாரிச் சாவியோடு நிற்பார். நான் நிறுத்தினேன்.

"வெளிய வர்றா ஐயா. வாசல்ல யாரும் இல்ல. அவளே தனியாக் கிளம்புறா."

அதற்குமேல் ஸ்கிரிப்டில் இல்லாததைத்தான் சொன்னேன். தாபாவில் அவள் தனியாகச் சாப்பிட்டாள். மலைப்பாதையில் அவளே கியர் மாற்றத் தெரியாமல் திணறினாள். நான் திணறித் திணறித்தான் சொன்னேன், இரண்டு இடத்தில் தப்பாகப் போய்த் திரும்பி வந்தேன். அவர் அதே மாதிரி பல்லைக் கடித்தார், அதே மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவை கேட்பவருக்கு எதுவும் குறையாகத் தெரியாது.

முடித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு என் பக்கம் குனிந்து, கொஞ்சம் பயந்த மாதிரி கேட்டார்.

"இதுல எனக்கு ஒண்ணும் வேஷம் இல்லையேம்மா?"

"இல்லீங்க ஐயா."

"நெஜமாத்தானே?"

"நெஜமாத்தான் ஐயா. உங்களுக்கு வேலையே இல்ல."

அவர் உடம்பு முழுக்கத் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அகலமாக. இந்த இரண்டு மாதத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "நல்லதாப் போச்சு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிஷத்தில் தூங்கிவிட்டார்.

வெளியே வந்து, படியில் உட்கார்ந்து மதிவாணன் சாருக்கு போன் செய்தேன். ஐயாவால் இனி நடிக்க முடியாது, கிடங்குக் காட்சியில் நடந்தது நடிப்பல்ல, அது எனக்கு முன்பே தெரியும், தெரிந்துதான் கூட்டிப்போனேன், கிரிக்கு எதுவும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் 'ம்' என்றார். பிறகு, "யோசிச்சிட்டுச் சொல்றேம்மா" என்றார். எங்கள் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சௌந்தரம்மா வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். என்னைத் திருப்பி உட்காரவைத்து, கட்டி முடித்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.